நான்கு கம்பிகளில் பேசும் சில்லுகள்

நாயுடுபேட்டை: தெற்கே ஸ்ரீசிட்டி ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர் பலருக்கு சர்க்யூட் போர்டு பழகிய பொருள். அதிலுள்ள சில்லுகள் தமக்குள் பேசும் வழிகளில் ஒன்று, மோட்டோரோலா கம்பெனி வகுத்து 1980-களில் பரவிய 'எஸ்.பி.ஐ.'

கம்பிகள் நான்கு. முதலாவதில் தலைமைச் சில்லு தாளம் போடும். தட்டுக்கு ஒரு பிட் நகரும். இரண்டாவதில் செய்தி போக, அதே நேரம் மூன்றாவதில் வரும். எட்டுத் தட்டில் ஒரு பைட் கைமாறிவிடும். நான்காவது, பேசவேண்டிய சில்லை மட்டும் அழைப்பது.

குறை ஒன்றுண்டு. போனில் லைன் கிளியர் தரும் ஸ்டேஷன் மாஸ்டர் பிரைவேட் நம்பரும் சொல்வார், அதுவே ஒப்புதல். இங்கோ 'கிடைத்தது' என்ற பதிலே கிடையாது. கம்பி அறுந்தாலும் தலைமைச் சில்லு அனுப்பிக்கொண்டேயிருக்கும். பழுது பார்ப்போர் கவனிக்க: எப்போதும் 0 அல்லது 255 மட்டுமே வருகிறதா? முதலில் சால்டரிங்கைச் சோதியுங்கள்.