காட்சி வளமும் கதைக் காரணமும்: தஞ்சைச் சோழர் ஓவிய நோக்கில் ‘கோச்சடையான்’

ஆய்வுச் சுருக்கம்

2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோச்சடையான்’, நடிகரின் அசைவுகளைக் கணினியில் பதிந்து உருவாக்கப்பட்ட தமிழ் அசைவூட்டத் திரைப்படமாகும். காட்சியமைப்பில் பெருமுயற்சி புலப்படும் இப்படத்தின் கதைகூறல் ஏன் தளர்ந்தது என்பதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுந்தரர் ஓவியத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், அசைவுப் பதிவு, தழுவல், சோழர் ஓவியம், கதைகூறல்.

முன்னுரை

சௌந்தர்யா ரஜினிகாந்த் அஸ்வின் இயக்கத்தில், கே.எஸ்.ரவிகுமாரின் கதையில், ஏ.ஆர்.ரகுமானின் இசையில் உருவான ‘கோச்சடையான்’ 2014 மே 23 அன்று திரைக்கு வந்தது. அதனைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தையே சுற்றி நின்றன. உருவங்களில் உயிர்ப்பில்லை என்பதே பலரும் கூறிய குறை. அக்குறை உண்மையே. எனினும், அதனை மட்டும் காரணமாகக் கொண்டால், செலவு கூடினால் கதையும் சிறந்துவிடும் என்னும் தவறான முடிவுக்கு நாம் வந்துவிடுவோம். அசையாத உருவங்களைக் கொண்டே கதை சொன்ன மரபு காவிரிப் படுகையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆகவே, குறையின் வேரை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

அசைவுப் பதிவும் முகமும்

அசைவுப் பதிவு முறையில் நடிகரின் உடலில் குறிமுனைகள் பொருத்தப்படுகின்றன. அவை இடம்பெயர்வதைப் பல படக்கருவிகள் ஒருங்கே பதிகின்றன. அப்பதிவு கணினியில் அமைந்த எலும்புச் சட்டகத்திற்கு ஏற்றப்பட்டு, அதன்மேல் தோலும் உடையும் ஒளியும் வரையப்படுகின்றன. நடை, வாள்வீச்சு, ஆட்டம் ஆகியவற்றை இம்முறை நன்கு பற்றிக்கொள்கிறது. கண்ணிமை, இதழோரம் ஆகியவற்றின் நுண்ணிய மாற்றங்களைப் பற்றுவதோ அரிது.

மனித உருவை ஏறத்தாழ ஒத்திருந்தும் முழுமையாக ஒவ்வாத உருவம் காண்போரிடம் ஒருவித விலக்கத்தை உண்டாக்கும் என்று ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் எடுத்துரைத்தார். ஹெர்ஜேயின் படக்கதைகளைத் தழுவி ஸ்டீவன் ஸ்பில்பர்க் 2011இல் இயக்கிய ‘டின்டின்’ படமும் அசைவுப் பதிவில் உருவானதே. ஆயினும் அதில் மூக்கும் தாடையும் படக்கதைக்குரிய மிகையோடே அமைந்தன. ‘கோச்சடையானோ’ மக்கள் நன்கறிந்த ரஜினிகாந்தின் முகத்தையே மீளப் படைக்க முயன்றது. 2009இல் மறைந்த நாகேஷின் உருவத்தையும் திரைக்குக் கொண்டுவந்தது. ஒப்பிடுவதற்கு மூலமுகம் காண்போர் நினைவில் நிற்க, சிறு பிழையும் பெரிதாய்த் தோன்றியது. மாறாக, கடற்போர், படையணிவகுப்பு, கோச்சடையானின் தாண்டவம் முதலிய இடங்களில் முகத்தினும் உடலும் வெளியும் முதன்மை பெறுவதால் காட்சி வலிமை கொள்கிறது.

பெயர் மட்டுமே தழுவல்

கோச்சடையான் என்பது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் ஒருவனின் பெயர். ரணதீரன் அவனது விருதுப்பெயர். அவன் மருதூரில் ஆய்வேளை வென்றமையையும், மங்கலபுரத்தில் மகாரதரை அழித்தமையையும் வேள்விக்குடிச் செப்பேடு கூறுகிறது. திரைப்படம் இவ்வரலாற்றைக் கூறவில்லை. அதில் வரும் கோட்டைப்பட்டினமும் கலிங்கபுரியும் கற்பனை நாடுகள். கோச்சடையான் மன்னனல்லன், படைத்தலைவன். அவன் மகன் ராணாவின் பெயர் ரணதீரன் என்னும் விருதை நினைவூட்டுகிறது. பெயரைக் கொண்டு கதையை விடுதல் படைப்பாளரின் உரிமை. ஆனால், அவ்வாறு விடும்போது, காண்போர் முன்பே அறிந்த கதை என்னும் துணையும் நீங்கிவிடுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் உரிய காரணத்தைப் படமே நிறுவியாக வேண்டும்.

சுந்தரர் ஓவியம்

இராசராசன் காலத்தில் எழுந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே.கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று சுந்தரர் வரலாறு. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தீட்டப்பட்டது அது.

கீழ்ப்பகுதியில் திருமண விருந்துக்கான ஏற்பாடுகளும் மண அவையும் காணப்படுகின்றன. அங்கே ஓலையுடன் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். அவ்வோலை அவையில் ஆராயப்படுகிறது. மேற்பகுதியில் சுந்தரர் வெள்ளை யானையிலும், சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை நோக்கி விரைகின்றனர். நெடிய வாழ்வில் ஓவியர் முதன்மையாகத் தேர்ந்தவை இரண்டு தருணங்கள்: ஆட்கொள்ளப்பட்டதும் வீடடைந்ததும். முதலாவது இரண்டாவதற்குக் காரணம். மணமகன் இழப்பது யாது என்பதை விருந்துக் காட்சி முன்னரே காட்டிவிடுவதால், ஓலையின் கனம் நமக்குப் புரிகிறது. யானையின் நடையழகும் குதிரையின் பாய்ச்சலும் அதன் பின்னரே பொருள் பெறுகின்றன.

காரணம் பிந்திய கதை

‘கோச்சடையானில்’ இவ்வரிசை மாறியுள்ளது. கோட்டைப்பட்டினச் சிறுவன் ராணா கலிங்கபுரியை அடைந்து படைத்தலைவனாகிறான். அங்கு அடிமைப்பட்டிருந்த தன் நாட்டு வீரரை விடுவித்துப் போர்க்களத்தில் தாய்நாட்டின் பக்கம் சேர்கிறான். பின்னர் அந்நாட்டு மன்னனையே கொல்ல முயல்கிறான். தந்தை கோச்சடையான், நோயுற்ற தன் வீரரின் உயிர்காக்க அவர்களைப் பகைவரிடம் ஒப்படைத்தமையும், அதற்காகத் துரோகி எனப்பட்டுக் கொல்லப்பட்டமையும் அதற்குப் பின்பே விரிகின்றன.

பின்னோக்கிக் கூறுதல் தன்னளவில் குற்றமன்று. ஆனால் இங்கு மறைக்கப்பட்டது வெறும் செய்தியன்று, கதைமாந்தனின் நெஞ்சு. தன்னை வளர்த்த நாட்டைக் கைவிடும் நொடியில் ராணா எதை இழக்கிறான் என்பதைப் படம் காட்டவில்லை. அந்நொடி திருப்பமாக நிகழ்கிறது; இக்கட்டாக நிகழவில்லை. காரணம் அறியாத காண்போர் வியக்கலாம். அஞ்சவோ இரங்கவோ இயலாது. படத்தின் ஆழ்ந்த அறச்சிக்கல் தந்தையின் முடிவிலேயே உள்ளது. உயிரா, மானமா என்னும் அவ்வினா கிளைக்கதையாய்ச் சுருங்க, பாடல்களும் போர்களும் முன்னிடம் பெற்றன. முகத்தில் உணர்வு குன்றியதைக் கதைச்சூழல் ஈடுசெய்திருக்கக்கூடும். தோற்பாவையின் முகமும் மாறுவதில்லை; குரலும் சூழலும் அதற்கு உணர்வூட்டுகின்றன. ரஜினிகாந்தின் குரல் இங்கும் அப்பணியைச் செய்தது, சூழல் செய்யவில்லை.

முடிவுரை

சுந்தரர் ஓவியத்தைக் கண்டோர் அக்கதையை முன்பே அறிந்திருந்தனர் என்பதால் இவ்வொப்பீட்டுக்கு எல்லையுண்டு. எனினும், காட்சி எத்துணை வளமுடையதாயினும் காரணத்தைச் சார்ந்தே கதையாகிறது என்பது இரண்டாலும் பெறப்படுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைவடிவம் பெற்றபின், காவிரி நாட்டு வரலாற்றைக் காட்சியாக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. இளைய தலைமுறையினர் பலர்க்கு அவ்வரலாறு முதன்முதலில் திரைவழியே அறிமுகமாகும். இனி அசைவூட்டம் செய்வோர் கற்க வேண்டிய முதற்பாடம் கருவிகளில் மட்டும் இல்லை. யானையைத் தீட்டுவதற்கு முன் ஓலையைத் தீட்டிய அந்தச் சுவரிலும் உள்ளது.