நெல் மூட்டையும் வீட்டுக் கணக்கும்

"நெல்லுக்கு விலையை ஏத்திட்டாங்க, உதவித்தொகை வேற தராங்க. விவசாயிக்கு என்ன குறைச்சல்?" ஸ்ரீரங்கம் மளிகைக் கடைகளில் அரிசி வாங்கும்போது இப்படிச் சொல்பவர்கள் உண்டு. கொள்ளிடத்துக்கு அக்கரையில், லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கம் ஓர் ஏக்கர் நெல்லை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரியின் கணக்கைப் பார்ப்போமா?

முதலில் கையில் வரும் பணம். 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக பாங்கிக்கு வருகிறது. மாசத்துக்கு 500 ரூபாய்! அதுவும் சொந்த நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்குக் கிடையாது.

உர மானியம் செலவைத்தான் குறைக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அதனால்தான். 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால், பம்ப்செட் இல்லாமல் வாய்க்கால் தண்ணீரை நம்பியிருப்பவருக்கு அதனால் என்ன லாபம்?

உண்மையில் வருமானத்தை நிர்ணயிப்பது நெல் விலைதான். 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131. ஆக 2,500. அதாவது 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய்.

ஓர் ஏக்கரில் 50 மூட்டை கண்டால் 50,000 ரூபாய். நடவு, களை, அறுப்புக் கூலியெல்லாம் இதிலிருந்துதான். அவசரத்துக்கு வியாபாரியிடம் மூட்டைக்கு 150 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் 7,500 ரூபாய் நஷ்டம். ஒரு வருஷத்து உதவித்தொகையைவிட அதிகம், பாருங்கள்!

ஏன் குறைத்து விற்கிறார்கள்? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மழையும் பனியும் விடுவதில்லை. காயவைக்கக் களம் போதாது. முறை வருவதற்குள் கடன்காரர் வாசலில் நிற்பார். "காத்திருக்க முடியலீங்க" என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

விவசாயக் குடும்பத்துச் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

அறுவடைக்கு முன்பே தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

குத்தகை நிலமானால், 1969-ம் வருஷச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்ய தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குடும்பத் தலைவர் காலமாகிவிட்டால் பட்டா மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நாற்று நட்டதும் களை பறித்ததும் நீங்களாக இருக்கலாம். பட்டாவில் பேர் இருந்தால்தான் உதவித்தொகையை உங்கள் பேரில் கேட்க முடியும்.