கூடுதல் மருந்து, கூடுதல் வலிமையா?

பத்மநாபபுரம் அரண்மனையைக் காண வருகிறவர்களில் பலர், அதற்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் நுழைவதில்லை. 1741-இல் நடந்த குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையை வென்றது. அப்போது சிறைப்பட்ட டிலனாய் என்பவர் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக உயர்ந்தார். அவருடைய மேற்பார்வையில் உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் இயங்கியது. 1777-இல் மறைந்த அவருடைய கல்லறையும் அக்கோட்டைக்குள்தான் இருக்கிறது.

ஒரு புதிய பீரங்கியை வார்த்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. இதற்குள் எவ்வளவு மருந்து இடலாம்? குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. கூடினால் குழல் வெடித்து, சுடுகிறவரையே கொன்றுவிடும். சரியான அளவை எவ்வாறு அறிவது? இதே கேள்வி இன்று புதிய ரைபிள் தோட்டா ஒன்றை உருவாக்குகிறவர்களுக்கும் எழுகிறது.

கதினா சொன்ன பாடம்

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு விபத்து நேர்ந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் கதினா போடுவார்கள். வேறு ஊர்களில் இதை அதிர்வேட்டு என்பர். அடி மூடிய சிறு இரும்புக் குழாயில் கருமருந்தை இட்டு, மேலே செங்கற்பொடியைக் கெட்டித்துத் திரி வைப்பார்கள். "ஒரு பிடி கூடப் போடும் மாமா, சத்தம் நல்லா கேக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். மாமாவும் போட்டார். வழக்கமான அளவைப்போல் ஒன்றரை மடங்குகூட இராது. ஆனால் அன்று குழாயே பிளந்தது. இரும்புச் சில்லு ஒன்று மாமாவின் முழங்காலைத் துளைத்தது. அதன்பின் அவர் கம்பில்லாமல் நடந்ததே இல்லை.

ஒரு பிடி கூடியதற்கு இவ்வளவு பெரிய விளைவா? மருந்து எரியும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று காண்போம்.

மறுகால் அடைபட்ட குளம்

நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் வரத்து கூடுகிறது. குளம் நிறைந்தால் மறுகால் வழியே நீர் வெளியேறுகிறது. இப்போது ஒரு விசித்திரமான குளத்தைக் கற்பனை செய்யுங்கள். அதில் நீர்மட்டம் உயர உயர, வரத்தும் கூடிக்கொண்டே போகிறது!

ரைபிளுக்குள் நடப்பது ஏறத்தாழ இதுதான். தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு பெருகுவதால் அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்தால் மருந்து இன்னும் விரைவாக எரிகிறது. அதனால் வாயு மேலும் பெருகுகிறது. மறுகாலின் வேலையைச் செய்வது குண்டு. அது குழலில் முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் கிடைக்கிறது; அழுத்தம் தணிகிறது. குண்டு வேகம் பிடிப்பதற்குள் வாயு பெருகிவிட்டால் கரை உடைகிறது. இப்பந்தயம் முடிய ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும்.

எனவே மருந்தைச் சிறிது கூட்டினால் வேகம் சிறிதே கூடுகிறது. அழுத்தமோ அதைப்போல் இரண்டு மடங்கு விகிதத்தில், சில வேளைகளில் அதற்கும் மேலாக, உயர்கிறது. கதினாவிலோ மருந்து கூடியதோடு, மேலே கெட்டித்த செங்கற்பொடியும் இறுகிப் போயிற்று. அது மறுகால் அடைபட்ட குளம்!

ஊசலால் அளந்த வேகம்

மருந்தின் வலிமையை ஊகிக்காமல் அளந்து பார்த்தவர்களில் முன்னோடி, இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ். குளச்சல் போருக்கு அடுத்த ஆண்டு, 1742-இல், பீரங்கிக் கலையைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. கணித மேதை ஆய்லர் 1745-இல் அதை விளக்கக் குறிப்புகளுடன் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ராபின்சுக்கும் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர், 1751-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

அவர் செய்த சோதனை எளியது. தொங்கும் கனமான மரக்கட்டை ஒன்றில் குண்டைச் சுட்டுப் புதையச் செய்தார். கட்டை ஊசல் போல் ஆடி உயர்ந்தது. நாமும் ஒரு கணக்குப் போடுவோம். குண்டின் நிறை 10 கிராம். குண்டும் கட்டையும் சேர்ந்து 5 கிலோகிராம். கட்டை எழும்பிய உயரம் 13 செ.மீ. என்று கொள்வோம். அந்த உயரத்துக்கு எழும்பக் கட்டை தொடக்கத்தில் வினாடிக்கு 1.6 மீட்டர் வேகம் பெற்றிருக்க வேண்டும். அதன் உந்தம் 5 × 1.6 = 8. இந்த உந்தம் முழுவதும் 0.01 கிலோகிராம் குண்டிலிருந்து வந்தது. ஆகவே குண்டின் வேகம் வினாடிக்கு 800 மீட்டர்! இங்கே உந்தத்தைத்தான் சமன் செய்ய வேண்டும். இயக்க ஆற்றலை அல்ல. ஆற்றலில் பெரும்பகுதி கட்டைக்குள் வெப்பமாகிவிடுகிறது.

ஆனால் வேகத்தை அறிந்தால் மட்டும் போதாது. இரண்டு தோட்டாக்கள் ஒரே வேகத்தைத் தரலாம்; அவற்றில் ஒன்று, நடுவில் ஒரு கணம் அழுத்தத்தை ஆபத்தான உச்சிக்கு ஏற்றியிருக்கலாம். குழலைப் பிளப்பது அந்த உச்சிதான்.

உச்சியை அளக்கும் செம்பும் படிகமும்

1860-களில் ஆண்ட்ரூ நோபிள் என்பவர் குழலின் பக்கத்தில் ஒரு சிறு துளையிட்டு, அதில் ஓர் உந்துதண்டையும் அதன் பின்னால் ஒரு செம்பு உருளையையும் பொருத்தினார். வெடித்த பின் செம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்து உச்ச அழுத்தத்தைக் கணித்தார். இன்று அவ்விடத்தில் குவார்ட்ஸ் போன்ற படிகத்தைப் பொருத்துகிறார்கள். படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர்.

நம் இராணுவம் பயன்படுத்திய 7.62 மி.மீ. தோட்டாவில் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 4000 மடங்கு. அதாவது கட்டைவிரல் நகமளவான 1 சதுர செ.மீ. பரப்பின்மீது 4 டன், ஒரு வளர்ந்த யானையின் எடை! 1960-களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை பழைய .303 ரைபிளின் அமைப்பை இத்தோட்டாவுக்கு மாற்றியபோது, மேலும் வலிமையான எஃகைப் பயன்படுத்தியது இதனால்தான்.

வெயிலும் கணக்கில் சேரும்

நீலகிரியில் அரவங்காடு என்ற ஊரில் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. கயிறு போல் நீண்ட புகையில்லா மருந்தே கார்டைட். வெப்பநிலை உயர்ந்தால் இது விரைவாக எரியும். குளிர் நாடான இங்கிலாந்தில் சரியாக இருந்த தோட்டா, நம் ஊர் வெயிலில் மிகுந்த அழுத்தத்தைத் தந்தது. எனவே இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களை ஆங்கிலேய நிறுவனங்கள் தனியே விற்றன. மருந்து மாறவில்லை, வெயில் மாறிற்று!

பட்டியல் இல்லாத தோட்டா

அமெரிக்காவில் சிலர், கடையில் கிடைக்கும் பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி, வேறு அளவுக் குண்டைப் பொருத்திப் புதிய தோட்டா செய்வதுண்டு. இவற்றை 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை, என்பர். .22-250 என்ற தோட்டா இப்படித்தான் பிறந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1965-இல், ரெமிங்டன் நிறுவனம் அதை முறையான தோட்டாவாக ஏற்றது.

காட்டுப்பூனைக்கு அளவுப் பட்டியல் கிடையாது. 'இதைப் போன்ற தோட்டாவுக்கு இவ்வளவு' என்று இரவல் வாங்கவும் கூடாது. கூட்டின் கொள்ளளவு, குண்டின் நிறை, குண்டு கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் ஆழம், மருந்தின் வகை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் உச்சி மாறும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் தடித்த சோதனைக் குழலைப் பயன்படுத்தி, ஆள் மறைவில் நின்று, தூரத்திலிருந்து சுடுவார்கள். நிச்சயமாகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குவார்கள். ஒவ்வோர் அளவிலும் பல முறை சுட்டு, அழுத்தத்தையும் வேகத்தையும் குறித்து, வரைபடம் வரைந்த பிறகே அடுத்த படிக்குச் செல்வார்கள். வரம்பை நெருங்குமுன் நிறுத்திவிடுவார்கள். விற்பனைக்கு வரும் ரைபிளையோ, ஐரோப்பிய விதிகளின்படி, வரம்பைவிட 25 சதவீதம் மிகுந்த அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரையிடுவார்கள்.

கருவி இல்லாதவர்கள், சுட்ட கூட்டின் அடியில் உள்ள எரியூட்டி தட்டையாகியிருக்கிறதா, கூடு குழலில் இறுகிக்கொண்டதா என்று பார்ப்பதுண்டு. ஆனால் இக்குறிகள் தோன்றும்போது வரம்பு பெரும்பாலும் கடந்திருக்கும். கரை கசிந்த பிறகு குளத்தைப் பார்க்கப் போவது போன்றது அது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றமாகும். அச்சட்டத்தின் பின்னால் இந்த இயற்பியலும் நிற்கிறது.

அடுத்த முறை உதயகிரிக் கோட்டைக்குச் சென்றால், உலைக்களத்தில் உழைத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் செம்பு உருளையும் இல்லை, படிகமும் இல்லை. எங்கள் மாமாவிடமும் இல்லை. நம்மிடம் இருக்கின்றன. ஆகவே 'இன்னும் ஒரு பிடி' என்று யாரேனும் சொன்னால், திருவிழாவாயினும் ஆய்வுக்கூடமாயினும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அளந்து பார்த்தீர்களா?"