காதலைச் சொல்ல 24 எபிசோடும் போதாதா? சீனாவின் 'வித் யூ' தொடர் இவ்வளவு மெதுவாக நகர்வது ஏன்?

பள்ளிக்கூடக் காதல் தொடர் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தால், முதல் சில எபிசோடுகளில் நடப்பது இவ்வளவுதான்: வகுப்பு பிரிக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் என்று முடிவாகிறது, ஒரு பெண் ஃபிசிக்ஸ் புரியாமல் விழிக்கிறாள், பக்கத்து சீட் பையன் சொல்லித் தருகிறான். 'கதை எப்போதான் ஆரம்பிக்கும்?' என்று பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. ஆனால் கதை அந்த பெஞ்சிலேயே ஆரம்பித்துவிட்டது.

2016 ஏப்ரலில் ஐச்சியி தளத்தில் வெளியான 24 எபிசோடு சீனத் தொடர் 'வித் யூ'. பா யுவே சாங் ஆன் எழுதிய நாவல்தான் மூலம். தான் சோங்யுன், லியு ஹாவ்ரன் ஜோடி. நிஜத்தில் நாயகனைவிட நாயகிக்கு 7 வயது அதிகம். யூனிஃபார்மில் பார்த்தால் சொன்னால்தான் தெரியும்.

பெயரிலேயே இருக்கும் ரகசியம்

கதை 2003-ல் தொடங்குகிறது. சார்ஸ் நோய் பரவிய அந்த வருடம் நுழைவுத் தேர்வு எளிதாக இருந்ததால், சுமாராகப் படிக்கும் கெங் கெங்குக்கு ஊரின் முதல்தரப் பள்ளியான ஷென்ஹுவாவில் இடம் கிடைத்துவிடுகிறது. அவள் பக்கத்து சீட்டில் டாப்பர் யூ ஹுவாய்.

இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால், சீன மொழியில் ஒரு மரபுத்தொடர் போலவே ஒலிக்கும். அதன் பொருள், மனதை விட்டுப் போகாமல் உறுத்திக்கொண்டே இருப்பது. முதல் நாள் வேடிக்கையாகத் தெரியும் இந்தப் பெயர்ப் பொருத்தம், கடைசியில் அப்படித் தெரியாது. சப்டைட்டிலில் பார்ப்பவர்கள் பலருக்கும் இந்த விஷயம் நழுவிவிடும்.

வாய் திறக்க என்ன தடை?

ஜூன் 7, 8. சீன மாணவர்களுக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம். 'காவ்காவ்' எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு தொடங்கும் நாட்கள். தொடரில் வரும் காலத்தில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மார்க் 750. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். 2024-ல் இதற்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர்.

இந்த நெருக்கடியில் பள்ளி வயதுக் காதலுக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது: 'சாவ்லியான்', அதாவது காலத்துக்கு முந்திய காதல். படிப்பைக் கெடுக்கும் விஷயமாகவே பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பார்க்கிறார்கள். திரையிலும் இதே கெடுபிடிதான். 18 வயதுக்குட்பட்டவர்களின் காதலைக் காட்டக் கூடாது என்று டிவி தொடர்களுக்கான துறை விதிமுறை சொன்னது. அந்த விதி பரபரப்பாகப் பேசப்பட்டது 2016 மார்ச்சில்; அடுத்த மாதமே 'வித் யூ' இணையத்தில் வந்தது.

அதனால் இங்கே காதல் வேறு வேஷத்தில்தான் வருகிறது. ஃபிசிக்ஸ் கணக்கை நாலாவது முறையும் பொறுமையாகச் சொல்லித் தருவதுதான் இந்தத் தொடரின் ரொமான்ஸ் சீன்.

ஒரு குரூப், ஒரு முடிவு

தொடரின் கனமான இடம் முத்தமோ சண்டையோ இல்லை. குரூப் தேர்வு செய்வது. அன்றைய முறைப்படி மாணவர்கள் கலையா, அறிவியலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெங் கெங்குக்கு அறிவியல் வராது. கலைப் பிரிவுக்குப் போனால் மார்க் ஏறும், ஆனால் அந்த சீட் போய்விடும். அவள் அறிவியலிலேயே இருந்துவிடுகிறாள்.

இது காதலா, முட்டாள்தனமா? தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அவள் வாங்கும் ஒவ்வொரு மார்க்கையும் காட்டுகிறது, அவ்வளவுதான். நேர் எதிராக லூ ஷிங்ஹ என்ற ஓவியம் வரையும் பையன் வருகிறான். மனதில் இருப்பதை ஒளிக்கவே தெரியாதவன். ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் இன்னும் அவன் பக்கம்தான். நியாயமும் இருக்கிறது.

முடிவில் என்ன சிக்கல்? (கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பகுதியைத் தவிர்க்கலாம்)

தேர்வு முடிந்ததும் யூ ஹுவாய் ஒரு வார்த்தை சொல்லாமல் காணாமல் போகிறான். இருவரும் மறுபடி சந்திப்பது பல வருடங்கள் கழித்து. அவன் ஏன் போனான் என்பதற்குச் சொல்லும் காரணம் அவசரமாக ஒட்டவைத்தது போலத்தான் இருக்கிறது. மூன்று வருடப் பள்ளி வாழ்க்கையை ஒவ்வொரு டெஸ்ட்டாக நகர்த்திய தொடர், அதைவிட நீண்ட பிரிவைக் கடைசியில் சட்டென்று தாண்டிவிடுகிறது. காத்திருந்த கெங் கெங்குக்கு அந்த வருடங்கள் எப்படிப் போயின என்பதைத்தான் நிதானமாகக் காட்டியிருக்க வேண்டும்.

இதே கதை 2019-ல் சினிமாவாகவும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், அந்த பெஞ்சில் கழியும் நாட்கள்தான் முதலில் அடிபட்டன. ஷென்ஹுவா பள்ளியை விட்டு வர மனமில்லை என்றால், அதே எழுத்தாளரின் நாவலிலிருந்து எடுத்த 'மை ஹக்கிள்பெரி ஃப்ரெண்ட்ஸ்' 2017-ல் வந்திருக்கிறது. அதுவும் வேகமாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.