புகையைத் திரும்ப உண்ணும் எஞ்சின்

வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஆனால் கூலண்ட் நாளுக்கு நாள் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், அதில் லேசாக ஓர் இனிப்பு வாடை இருக்கும். டொரொன்டோவில் பழைய டீசல் ட்ரக் ஓட்டுபவர் இந்த மூன்றையும் சொன்னால், அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே பெருமூச்சு விடுவார். கெட்டிருப்பது அநேகமாக ஈ.ஜி.ஆர். கூலர், அதாவது எக்ஸாஸ்ட் புகையைக் குளிர்விக்கும் பாகம். அதை மாற்றுவது பெரிய வித்தையில்லை. அதன் அருகே கையைக் கொண்டுபோவதுதான் பாடு.

2003 முதல் 2007 வரை ஃபோர்டின் பெரிய பிக்கப் ட்ரக்குகளில் வந்த 6.0 லிட்டர் டீசல் எஞ்சின் இந்த விஷயத்தில் பேர்போனது. எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்க, நடுவே இன்டேக் மேனிஃபோல்டோடு ஒட்டிக் கிடக்கிறது கூலர். அதை எடுக்க முதலில் டர்போவைக் கழற்ற வேண்டும். பிறகு மேனிஃபோல்டைத் தூக்க வேண்டும். கூலரின் பின்முனையை எக்ஸாஸ்ட் குழாயோடு பிணைக்கும் வளையக் கிளாம்ப், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சிறு கண்ணாடியை நீட்டிப் பார்த்து, விரல் நுனியால் தடவி நட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, குளிர்காலம் முழுவதும் சாலையில் கொட்டும் உப்பு. துருவும் சூடும் சேர்ந்து இறுக்கிவிட்ட போல்ட்டுக்கு எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, சுடவைத்து, மெல்லத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் தலை முறிந்து கையோடு வரும். அப்புறம் துளைபோட்டு எடுக்கிற வேலையும் சேரும்.

இப்படி ஓர் இண்டில் வைத்தவனை மெக்கானிக்குகள் திட்டாத நாளில்லை. ஆனால் அதன் வேலையைப் பார்த்தால் வேறெங்கே வைப்பது என்றும் தோன்றும். கொதிக்கும் எக்ஸாஸ்ட், அதைக் குளிர்விக்கும் கூலண்ட், எஞ்சினுக்குள் நுழையும் காற்று, மூன்றும் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் அது இருந்தாக வேண்டும்.

எக்ஸாஸ்டை எதற்காகக் குளிர்விக்க வேண்டும்? பதில் காற்றில் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது யார் வம்புக்கும் போகாது. அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் கட்டுண்டவை. ஆனால் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏற ஏற அந்தக் கட்டு உடையத் தொடங்கி, நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்கிறது. இந்த வினையின் படிகளை 1940களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச். டீசல் எஞ்சினின் சுடர் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். அப்படிப் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலை அரிக்கும். வெயிலில் ஓசோன் புகைமூட்டத்துக்கும் வழிவகுக்கும்.

மருந்து விசித்திரமானது: எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து, மறுபடி எஞ்சினுக்கே ஊட்டுவது. இதைத்தான் ஈ.ஜி.ஆர். என்கிறார்கள். தணலைச் சாம்பல் போட்டு அடக்குவதுபோல, கார்பன் டையாக்சைடும் நீராவியும் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெப்பத்தையும் உள்வாங்க, சுடர் தணிகிறது.

ஒன்றை அடக்கினால் இன்னொன்று கிளம்புவது டீசலின் குணம். சுடர் தணிந்தால் கரி கூடுகிறது. அந்தக் கரியைப் பிடிக்க வட அமெரிக்காவில் 2007 முதல் பீங்கான் வடிகட்டி வந்தது. பிடித்ததை அது சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. 2010இல் புகை விதி இன்னும் இறுகியதும், நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் முறை பரவியது. அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். டொரொன்டோவின் ஜனவரி இரவுகள் அதற்கும் கீழே போகக்கூடியவை என்பதால், அதன் தொட்டிக்கே ஒரு சூடேற்றும் ஏற்பாடு தேவைப்படுகிறது!

கூலருக்கு வருவோம். எஃகு உறைக்குள் ஒருபுறம் பல நூறு டிகிரிப் புகை, மெல்லிய தகட்டுக்கு மறுபுறம் கூலண்ட். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஒருநாள் தகடு விரிசல் விடும். கூலண்ட் உள்ளே கசிந்து ஆவியாகி சைலன்சர் வழியே போகும். இனிப்பு வாடையின் ரகசியம் இதுதான்: அது கூலண்டில் உள்ள கிளைக்காலின் வாடை.

மாற்றும் செலவைக் கேட்டதும் சிலருக்கு வேறு யோசனை வரும். கூலரையே எடுத்துவிட்டு, வாயைத் தகடு வைத்து அடைத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடலாம். தொழிலில் இதற்கு 'டிலீட்' என்று பெயர். ஒன்டாரியோவில் இது சட்ட விரோதம். தனியார் கார்களுக்கான புகைச் சோதனை 2019 ஏப்ரலில் நின்றது. கனரக டீசல் வாகனங்களுக்கு இன்னும் உண்டு. கம்ப்யூட்டரைக் கொண்டு சோதனையை ஏமாற்றிய பெரிய புள்ளிகளும் தப்பவில்லை. தன் டீசல் கார்களுக்காக ஃபோக்ஸ்வாகன் 2020 ஜனவரியில் டொரொன்டோ நீதிமன்றத்தில் 60 குற்றங்களை ஒப்புக்கொண்டு 19.65 கோடி கனேடிய டாலர் அபராதம் கட்டியது.

"இத்தனை லட்சம் வண்டிகளில் என் ஒரு வண்டியால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்களுக்கு டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பதில் இருக்கிறது. கிரெக் எவன்ஸ் குழுவினர் காலேஜ் தெருவைக் கடந்த சுமார் ஒரு லட்சம் வாகனங்களின் புகையை அளந்து 2015இல் சொன்னது: கால்பங்கு வாகனங்களே மாசில் சுமார் 90 சதவீதத்தைக் கக்குகின்றன. அதே குழு 401 பெருஞ்சாலையோரத்திலும் அளந்தது. 2019இல் வந்த அறிக்கை, மோசமான டீசல் ட்ரக்குகள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய மாசைக் கொட்டுவதாகக் கூறியது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதி செய்துவிட்டது. ஆக, அந்த 'ஒரு வண்டி'தான் கணக்கே.

கூலரை மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன ஃபோர்டு எஞ்சினில் கூலண்ட் ஆயில் கூலரைக் கடந்துதான் ஈ.ஜி.ஆர். கூலருக்கு வருகிறது. ஆயில் கூலரில் வண்டல் அடைத்திருந்தால், புதிதாகப் போட்ட ஈ.ஜி.ஆர். கூலரும் கூலண்ட் இன்றிக் காய்ந்து வெடிக்கும். மேனிஃபோல்டைக் கழற்றிய கையோடு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.