அளவு மாறாத ரயில்

ஐயம்பேட்டைக்கு அருகே, காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதை முன்பு மீட்டர் பாதையாக இருந்தது. தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். பின்னர் அது 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஆயிற்று. பழைய எஞ்சின்கள் அதில் ஓட முடியாமற் போயின.

அளவு மாறாவிட்டால்? ஜப்பானிய மாதிரி ரயில்களைப் பாருங்கள். 1965இல் காட்டோ நிறுவனம் அந்நாட்டின் முதல் 'என்' வகை ரயிலை வெளியிட்டது. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர்; ஓட்டுவது தண்டவாளம் வழியே வரும் 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம். இவ்விரு அளவுகளும் இன்றும் அப்படியே உள்ளன. ஆகவே 40 ஆண்டுப் பழைய எஞ்சினும், பழுதில்லாவிட்டால், இன்றைய பாதையில் ஓடும். ஒரு மாதிரியை எப்போதும் செய்துகொண்டிருப்பதில்லை. விற்றுத் தீர்ந்தால், வேண்டுவோர் பழைய பொருள் கடைகளை நாடுகின்றனர். இணையம் வழியே வெளிநாட்டவரும் வாங்குவதால் இச்சந்தை வளர்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ரயிலுடன் வரும் மின்பெட்டி பெரும்பாலும் ஜப்பானின் 100 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. நம் வீட்டு மின்னழுத்தமோ 230 வோல்ட், அதாவது 2.3 மடங்கு. ஒரே மின்தடையில் தோன்றும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். 2.3ஐ 2.3ஆல் பெருக்குங்கள்: ஐந்து மடங்குக்கும் மேல்! பெட்டி கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

எனவே பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்ணை முதலில் படியுங்கள். 100 மட்டும் இருந்தால், 230ஐ 100ஆகக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அதன்பின் ஸ்விட்சைப் போடுங்கள்.