கரண்ட் பில்லுக்குக் கையேந்திய கம்ப்யூட்டர்காரர்கள்

உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ளும் சாஃப்ட்வேரை எழுதுகிறவர்களுக்கு யார் படியளப்பது? கனடாவின் சிறிய அறக்கட்டளை ஒன்று இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது.

கேட்ட தொகை 20,000 டாலர். காரணம், மின்கட்டணம். 2014 ஜனவரியில் ஓபன் பி.எஸ்.டி. என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிவரும் குழு விடுத்த வேண்டுகோள் சுற்றி வளைக்கவில்லை. பணம் வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான் என்றது. கால்கரி நகரில், குழுவின் தலைவர் தியோ டி ராட்டின் வீட்டு நிலவறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் ஓராண்டில் விழுங்கும் மின்சாரத்தின் விலை அது.

கம்ப்யூட்டரின் மற்ற எல்லா புரோகிராம்களும் காலூன்றி நிற்கும் தரைதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸைத் தெரிந்த அளவுக்கு ஓபன் பி.எஸ்.டி.யைப் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டறையில் பிறந்த சரக்கைத் தொடாமல் ஒரு நாளைக் கழிப்பது கடினம். தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள், யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி நுழைந்து வேலை பார்க்க உதவும் ஓபன் எஸ்.எஸ்.எச். 1999 டிசம்பரில் இங்கிருந்துதான் வெளிவந்தது. இன்று உலகெங்கும் சர்வர்களை நிர்வகிப்பவர்களின் அன்றாடக் கருவி அது. ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் காவல் காக்கும் ஃபயர்வால் புரோகிராமின் பூர்வீகமும் இதே இடம். ஆண்ட்ராய்டு போனின் அடித்தளத்திலும் இவர்கள் எழுதிய வரிகள் கணிசமாக உண்டு. இவை எதற்கும் யாரும் ஒரு பைசா கட்டத் தேவையில்லை.

சிக்கலே அங்கேதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் வகையின் வாரிசு இது. அந்தக் குடும்பத்தின் லைசென்ஸ் தாராளத்துக்குப் பேர்போனது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றும் கொள், எழுதியவர் பெயரை மட்டும் அழித்துவிடாதே என்பதுதான் அதன் சாரம். லினக்ஸ் லைசென்ஸாவது, திருத்தி விநியோகித்தால் திருத்தத்தையும் வெளியிடு என்று நிபந்தனை போடும். இதில் அதுவும் கிடையாது. கோடிகளில் புரளும் நிறுவனம் இந்த சாஃப்ட்வேரைத் தன் பெட்டிக்குள் அடைத்து விற்றால்கூட, எழுதியவர்கள் உரிமையோடு எதையும் கேட்க முடியாது. வேண்டிக்கொள்ள மட்டுமே முடியும்.

நெட் பி.எஸ்.டி. என்ற சகோதரக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட டி ராட், 1995இல் தனிக்கடை போட்டார். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து சிறுவனாகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். நாக்கில் தேன் தடவிப் பேசும் வழக்கம் இல்லாதவர். ரகசியக் குறியீட்டு சாஃப்ட்வேரை அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்த அந்த நாட்களில், கனடாவில் இருந்தது குழுவுக்குச் சாதகமாயிற்று. பாதுகாப்பே இவர்களின் வெறி. புரோகிராம்களை வரிவரியாகத் திரும்பப் படித்துப் பிழை களைவதை ஒரு விரதம் போலச் செய்கிறார்கள். நிறுவியது நிறுவியபடி இருந்தால், வெளியிலிருந்து உள்ளே புகக்கூடிய ஓட்டை இத்தனை காலத்தில் இரண்டே இரண்டுதான் என்று மார்தட்டுகிறார்கள்.

அந்த விரதத்துக்கும் மின்கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலவறையில் இருந்தவை புத்தம்புதிய இயந்திரங்கள் அல்ல. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ், ஆல்ஃபா, சன் நிறுவனத்தின் ஸ்பார்க் என்று, உற்பத்தியாளர்களே கைகழுவிவிட்ட பழைய ஜாதிகள் பல. “இந்தக் காயலான் சரக்கைத் தூக்கிப் போட்டால் பில் பாதியாகுமே?” என்று 2014இல் பலர் புத்திமதி சொன்னார்கள். குழு மசியவில்லை. இன்டெல் சிப்பில் மௌனமாக ஒளிந்துகொண்டிருக்கும் பிழை, எண்களை வேறு வரிசையில் அடுக்கும் ஸ்பார்க்கில் ஓட்டினால் உடனே முகம் குப்புற விழும். ஒரே புரோகிராமைப் பத்து விதமான இயந்திரங்களில் தினமும் உருவாக்கிப் பார்ப்பது, ஒரே நோயாளியைப் பத்து டாக்டர்களிடம் காட்டுவது மாதிரி. சிக்கனம் பிடிப்பதற்கு அது சரியான இடமில்லை என்பது குழுவின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

அதுவரை வண்டி எப்படி ஓடியது? ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு. அதை சி.டி.யில் போட்டு, அழகான அட்டையில் வைத்து, ஒரு பாட்டும் சேர்த்து விற்றார்கள். கூடவே டி-ஷர்ட், போஸ்டர். இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிற பொருளுக்கு, மனமிருந்தவர்கள் காசு கொடுத்து சி.டி. வாங்கினார்கள். இணையத்தின் வேகம் கூடக்கூட அந்த வருமானம் தேய்ந்தது. 2016இல் வந்த 6.0 பதிப்போடு சி.டி.யும் நின்றது.

நடுவில் ஒரு முறை பெரிய பணம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான டார்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாக 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட மானியம் ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு பகுதி ஓபன் பி.எஸ்.டி. வேலைக்கு. 2003இல் இராக் போர் மூண்டபோது டி ராட் ஒரு கனடா நாளிதழிடம், இந்தப் பணம் நமக்கு வருவதால் அரை ஏவுகணையாவது குறையும் என்று மனதைத் தேற்றிக்கொள்வதாகச் சொல்லிவைத்தார். ஏப்ரலில் மானியம் நின்றது. தன் வாய்தான் காரணம் என்று அவர் நம்பினார். உலகச் சூழல் மாறியதால் மறுபரிசீலனை என்பது டார்பா தந்த விளக்கம். எதுவாயினும், ஒரே எஜமானரின் பணம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டது.

2007 ஜூலையில் ஓபன் பி.எஸ்.டி. அறக்கட்டளை பிறந்தது. ‘அறக்கட்டளை’ என்று தமிழில் எழுத வேறு சொல் இல்லை. ஆனால் கனடா சட்டத்தின்படி இது அறநிறுவனம் அல்ல, லாபநோக்கற்ற நிறுவனம் மட்டுமே. எனவே நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடையாது. இதனால் என்ன பயன்? ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிடம் போய், ‘தியோ என்பவர் வீட்டுக்குக் காசு அனுப்புங்கள்’ என்று சொல்ல முடியாது. பதிவு பெற்ற நிறுவனம், வங்கிக் கணக்கு, ரசீது என்று இருந்தால் செக் எழுதக் கை வரும். வந்த பணம் மின்சாரத்துக்கும், இணைய இணைப்புக்கும், கருவிகளுக்கும், ‘ஹேக்கத்தான்’களுக்கும் போகிறது. இந்தச் சொல்லே இந்தக் குழுவில் உருவானதுதான். 1999 ஜூனில் கால்கரியில் 10 பேர் ஒன்றுகூடி உட்கார்ந்து எழுதியபோது வைத்த பெயர். கல்லூரிகளில் இன்று பரிசுத்தொகையோடு நடக்கும் போட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. பல நாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள் ஒரே அறையில் அமர்ந்து, தீராத பிழைகளைத் தீர்த்துவிட்டுக் கலைவார்கள். அவர்களின் பயணச்செலவுதான் முக்கியச் செலவுகளில் ஒன்று.

அப்படியொரு அமைப்பு இருந்தும் 2014இல் பில் கட்டக் காசில்லை என்ற நிலை வந்தது. வேண்டுகோள் பரவியதும் ருமேனியாவைச் சேர்ந்த பிட்காயின் வணிகர் ஒருவர் 20,000 டாலர் தந்தார். சிறு தொகைகளும் குவிந்தன. அந்த ஆண்டுக்கு வைத்திருந்த 1,50,000 டாலர் இலக்கு தாண்டப்பட்டது.

மூன்றே மாதத்தில், இப்படிப்பட்ட அலட்சியத்தின் விலை என்ன என்று உலகம் பார்த்தது. இந்தக் குழுவோடு தொடர்பில்லாத, பெயரில் மட்டும் நெருங்கிய ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற சாஃப்ட்வேரில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை 2014 ஏப்ரல் 7இல் அம்பலமானது. இணையதளங்களுக்கும் வாசகர்களுக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் சாஃப்ட்வேர் அது. லட்சக்கணக்கான சர்வர்களில் பூட்டே ஒழுகியது. அதைப் பராமரித்தவர்களுக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்கு 2,000 டாலர் அளவுதான் என்ற செய்தி அதைவிட அதிர்ச்சி தந்தது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், இன்டெல் போன்றவை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அவசரமாக ஒரு நிதியம் அமைத்தன. ஆளுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர், மூன்று ஆண்டுக்கு. அதில் ஓபன் எஸ்.எஸ்.எச்.சுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

கால்கரிக்காரர்கள் காத்திருக்கவில்லை. ஓட்டை விழுந்த சாஃப்ட்வேரைப் பிரதியெடுத்து, முதல் வாரத்திலேயே 90,000 வரிகளை வெட்டி எறிந்தார்கள். 2014 ஜூலையில் ‘லிப்ரே எஸ்.எஸ்.எல்.’ வெளிவந்தது. அதன் அறிவிப்புப் பக்கத்தை வேண்டுமென்றே கண்ணை உறுத்தும் கார்ட்டூன் எழுத்தில் அச்சிட்டு, ‘இது நிற்க வேண்டுமானால் நன்கொடை தாருங்கள்’ என்று குறும்பும் செய்தார்கள். நன்கொடை கேட்பதில் இப்படியும் ஒரு வழி.

2015இல் வந்த நன்கொடையாளரின் பெயர் பலரைப் புருவம் உயர்த்த வைத்தது: மைக்ரோசாஃப்ட். விண்டோஸில் ஓபன் எஸ்.எஸ்.எச்.சைச் சேர்க்கத் தீர்மானித்த அந்த நிறுவனம், 25,000 முதல் 50,000 டாலர் வரையிலான ‘தங்க’ வரிசையில் முதல் ஆளாகச் சேர்ந்தது. அதன் வருமானத்தில் இது கடுகு. ஆனாலும் எடுத்த பொருளுக்கு எதிர்மொய் வைத்த நாகரிகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். எடுத்துவிட்டு மூச்சு விடாதவர்களின் பட்டியல் ரொம்ப நீளம்.

இதே பெர்க்லி குடும்பத்தின் மூத்த கிளையான ஃப்ரீ பி.எஸ்.டி.யின் கதை வேறு. அதன் அறக்கட்டளை 2000இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கப்பட்டது. முழுநேர ஊழியர்கள் உண்டு. புரோகிராமர்களுக்கு ஊதியம் தந்து வேலை வாங்குகிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பைத் தோற்றுவித்த ஜான் கூம் அதற்கு 10 லட்சம் டாலர் வழங்கினார். வறுமையிலிருந்து கரையேற ஃப்ரீ பி.எஸ்.டி. உதவியது, யாகூவில் வேலை கிடைத்ததும் அதைத் தெரிந்திருந்ததால்தான் என்று காரணம் சொன்னார். பெரிய பணத்தில் ஒரு விசித்திரமான சங்கடமும் உண்டு. ‘பொது அறநிறுவனம்’ என்ற வரித் தகுதியைக் காப்பாற்ற, வரவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது பரவலான பொதுமக்களிடமிருந்து வரவேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். ஒருவர் அள்ளிக் கொடுத்தால், அதற்கு ஈடுகட்ட நிறையப் பேர் கிள்ளிக் கொடுத்தாக வேண்டும். ஐந்து டாலர் தருகிறவருக்கும் அங்கே மரியாதை கிடைப்பது வெறும் உபசாரம் அல்ல.

அரசுகளும் இப்போது பையைத் திறக்கின்றன. 2024இல் ஜெர்மனியின் அரசு நிதியம் ஒன்று ஃப்ரீ பி.எஸ்.டி.க்கு 6,86,400 யூரோ ஒதுக்கியது. பெங்களூருவின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, அதே ஆண்டு அக்டோபரில், இத்தகைய பொது சாஃப்ட்வேர்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. இலவச சாஃப்ட்வேரால் கொழித்த இந்தியக் கம்பெனிகளின் எண்ணிக்கையை நினைத்தால், இது ரொம்பத் தாமதமாக வந்த மொய்.

கால்கரியில் பழைய சரக்கு கொஞ்சம் குறைந்தது. வாக்ஸ் இயந்திரத்துக்கு 2016இல் வந்த 5.9தான் கடைசிப் பதிப்பு. ஆனால் 2025 ஏப்ரலில் வெளியான 7.7இன் பட்டியலில் ஸ்பார்க்கின் 64-பிட் வகை இருக்கிறது. ஆப்பிள் எப்போதோ மறந்த பவர்பிசி மேக் இருக்கிறது. ஜப்பானின் ஓம்ரான் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் செய்த லூனாவும் இருக்கிறது.